கணுவுக்கு மூன்று இலை

கொழும்பில் பிரதமரின் உத்தியோகபூர்வ வாசஸ்தலத்துக்குத் தமிழில் அலரி மாளிகை என்று பெயர். சின்ன வயதில் வானொலிச் செய்தியில் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம், மதில் நெடுக செவ்வலரிப் புதர்கள் பூத்து நிற்பதாகத்தான் மனதில் படம் விழும். அது பிழையான படம். அந்த மாளிகைக்குப் பெயர் கொடுத்தது சிங்களத்தில் 'அரலிய' எனப்படும் மரம். விகாரை முற்றங்களில் தடித்த கொம்புகளோடு நின்று, வெள்ளையும் மஞ்சளுமான மணக்கும் பூவைத் தரையெல்லாம் கொட்டுமே, அதுதான். நம் அகராதிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஈழத்தலரி. மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாய்நாடு. கடல் கடந்து வந்து நம் பெயரை வாங்கிக்கொண்டது. நாம் அலரி என்று சொல்வதற்கோ சிங்களத்தில் 'கனேரு'. அலரிக்கும் அரலியவுக்கும் ஓசை கிட்டத்தட்ட ஒன்று, செடி வேறு.

குழப்பம் இத்தோடு முடியவில்லை. மஞ்சள் அலரி என்று இன்னொன்று இருக்கிறது. புனல் போன்ற மஞ்சள் பூ, மினுங்கும் ஒடுங்கிய இலை, பச்சை நிறத்தில் உருண்டு திரண்ட காய். அதுவும் மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததுதான். பதினாறாம் நூற்றாண்டில் தென்னமெரிக்காவுக்குப் பயணம் போன ஆந்திரே தெவே என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரால் அதைத் தெவேஷியா என்றார்கள். இப்போது தாவரவியலார் கஸ்கபெலா என்கிறார்கள். பூங்கன்று விற்கிற இடத்தில் போய் "அலரிக் கன்று ஒன்று தாருங்கோ" என்று மட்டும் கேட்டால், இந்த மூன்றில் எது கைக்கு வரும் என்பது விற்பவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தது.

நான் எழுத வந்தது செவ்வலரியைப் பற்றி. தமிழ்நாட்டார் அரளி என்பார்கள். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் நீரியம் ஒலியாண்டர். திருக்கேதீஸ்வரத்தைச் சுற்றியுள்ள வளவுகளில், கோடையிலும் பச்சை மாறாமல் நின்று பூக்கக்கூடிய செடி எது என்று யாராவது கேட்டால், முதலில் என் வாயில் வருவது அதுதான். கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மாதோட்டம் என்ற இந்த ஊரின் பழம்பெயரில் தோட்டம் ஒன்று கேட்கிறது. பாளி நூல்கள் அதே இடத்தை மகாதித்த, அதாவது பெருந்துறை, என்கின்றன. சம்பந்தர் பாடிய மாதோட்டத்தில் மாவும் கமுகும் வாழையும் நெருங்கி நிற்கின்றன. இன்று மன்னார்ப் பாலத்தை நோக்கி வருகிறவருக்குத் தெரிவது வேறு காட்சி: பனை, குடை விரித்த உடைமரம், தரவை வெளியில் செந்நிறமாகப் படர்ந்த உமரி. ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். கேட்பதற்குக் குறைவாகத் தெரியாது; ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்ரோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட கோடை. மே மாதத்திலிருந்து சோளகம். அந்தக் காற்றின் வலுவை நம்பித்தான் மன்னார்த் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' என்ற பெயரில் 30 காற்றாலைகளை நட்டு, 103.5 மெகாவாட் மின்சாரத்துக்கு வழி செய்தார்கள். மின்சாரத்துக்கு நல்ல காற்று. கன்றுக்குக் கெட்ட காற்று. உப்புத் துகளை அள்ளி வந்து இளந்தளிரில் பூசிவிட்டுப் போகும். கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் உவர். மண், கரையோரம் மணல். முருங்கன் பக்கம் போனால் மழைக்குக் காலோடு ஒட்டிக்கொண்டு, வெயிலுக்கு விரல் நுழையும் அளவு வெடிக்கிற கருங்களி. இதற்கெல்லாம் மேலே ஆடு, மாடு. மன்னார் நகரத் தெருக்களில் கழுதையும்.

இத்தனையையும் தாங்குகிற பூஞ்செடிக்கு உடம்பில் ஏதோ விசேஷம் இருந்தாக வேண்டும். அது இலையில் இருக்கிறது.

அலரியை அடையாளம் காணப் பூவைப் பார்ப்பதுதான் எல்லார் வழக்கமும். அது பாதி வழி. பூ இல்லாத காலத்தில் என்ன செய்வது? கொம்பில் ஒரு கணுவைப் பிடித்து இலையை எண்ணுங்கள். செவ்வலரியில் ஒரே கணுவிலிருந்து மூன்று இலைகள், வட்டமாக, மூன்று திசைக்கும் பிரிந்து நிற்கும். மெலிந்த கொம்பில் சிலசமயம் இரண்டு, கொழுத்த கொம்பில் எப்போதாவது நான்கு. ஆனால் மூன்றுதான் அதன் கணக்கு. மஞ்சள் அலரியில் கணுவுக்கு ஓர் இலை. கொம்பைச் சுற்றிச் சுருளாக ஏறும். ஈழத்தலரியில் தடித்த கொம்பின் நுனியில் மட்டும் அகன்ற இலைகள் கொத்தாக நிற்கும். வறட்சி வந்தால் அவற்றையும் உதிர்த்துவிட்டு, மான் கொம்பு மாதிரி மொட்டையாக நிற்கும். அது இலையுதிர் மரம். பச்சை மாறாச் செடி வேண்டும் என்று வாங்கிப் போனவர் பங்குனியில் ஏமாந்து போவார்.

இலையைக் கிள்ளினாலும் சேதி வரும். மஞ்சள் அலரியும் ஈழத்தலரியும் வெண்பால் வடிக்கும். செவ்வலரிச் சாறு தண்ணீர் போல, அல்லது சற்றே கலங்கலாக இருக்கும். கிள்ளிய விரலைக் கண்ணுக்கோ வாய்க்கோ கொண்டுபோகாமல் கழுவிவிடுங்கள். செவ்வலரி இலையைத் திருப்பிப் பிடித்தால் நடு நரம்பு தடித்து வெளுத்திருக்கும். அதிலிருந்து இருபுறமும் சீப்பின் பல்லைப்போல நெருக்கமான சிறு நரம்புகள் ஓடும். மஞ்சள் அலரியில் இந்தச் சீப்பு தெரியாது. காய் இருந்தால் சந்தேகமே இல்லை: செவ்வலரிக் காய் பயற்றங்காய் போல நீண்டு, இரட்டையாக நிற்கும், வெடித்தால் பஞ்சு முளைத்த விதை பறக்கும். ஆனால் அடுக்கலரி, அதாவது இதழ் பெருகிய இனம், காய்ப்பது அரிது. ஒற்றையிதழ்ச் செடியும் தாராளமாகக் காய்க்காது. அதற்கு ஒரு காரணம், இந்தப் பூ ஓர் ஏமாற்றுக்காரப் பூ. நிறம் இருக்கிறது, வடிவம் இருக்கிறது, கழுத்தில் குஞ்சம் வைத்த புனல் இருக்கிறது. உள்ளே தேன் இல்லை. தேன் இருக்கும் என்று நம்பி வருகிற தேனீ, சில பூவுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடும். அந்தச் சில தடவைகளில் நடக்கிற மகரந்தச் சேர்க்கைதான் செடிக்குக் கிடைக்கும் லாபம்.

பச்சை மாறாச் செடி என்றால் இலை உதிராத செடி என்று பொருளல்ல. அடியில் மூத்த இலைகள் மஞ்சளாகி விழுந்துகொண்டேதான் இருக்கும்; எல்லாம் ஒரே பருவத்தில் விழுவதில்லை, அவ்வளவுதான். முதல் தடவை வளர்ப்பவர் அடியிலையைப் பார்த்துப் பதறி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். பார்க்க வேண்டியது நுனியை.

அந்த இலையைக் குறுக்காக வெட்டி நுணுக்குக்காட்டியில் வைப்பது தாவரவியல் மாணவர்களின் நெடுநாளைய பயிற்சி. வறண்ட நிலத்துச் செடிக்கு உதாரணமாகப் பாடநூல்கள் தூக்கிப் பிடிக்கும் இலை அது. மேலே மெழுகு பூசிய தடித்த தோல். தோல் என்றால் ஓரடுக்கல்ல. இரண்டு மூன்று அடுக்குக் கலங்கள். கீழ்ப்பக்கம் அதைவிட விசித்திரம். சாதாரண இலையில் காற்று போய்வரும் துளைகள் மேற்பரப்பிலேயே திறந்திருக்கும். அலரியில் அவை கீழ்ப்பக்கத்துக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் வாயில் மயிர்கள் அடர்ந்திருக்கும். திண்ணைக்கு முன்னால் தட்டி கட்டி வெக்கையைத் தடுக்கிற ஏற்பாடு மாதிரி. வெளியே சோளகம் வீசினாலும் குழிக்குள் காற்று அசையாமல், ஈரத்தோடு நிற்கும். இலையிலிருந்து நீர் வெளியேறுவது குறையும். இது பாடநூல் விளக்கம். அண்மைக்காலத்தில் வேறொரு விளக்கமும் சேர்ந்திருக்கிறது: இலை இவ்வளவு தடிப்பாக இருந்தால் கரியமிலவாயு உள்ளே ஆழம் வரை போய்ச் சேருவது கடினம், குழி அதற்கு ஒரு குறுக்குவழி. இரண்டும் சரியாக இருக்கலாம். சன்னல் வைத்தவர் வெளிச்சத்துக்கு மட்டுமா வைத்தார்?

வெக்கையைத் தாங்கும் விதத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில் இருந்த கார்னெகி ஆய்வுக்கூடத்தில் ஒலே பியோர்க்மன் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானியும் சகாக்களும் அலரியைக் குளிர்ந்த அறையிலும், பகலில் 45 பாகை செல்சியஸ் வரை சூடேற்றிய அறையிலும் வளர்த்துப் பார்த்தார்கள். சூட்டில் வளர்ந்த செடி, தன் ஒளித்தொகுப்பு இயந்திரத்தையே வெப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. கலங்களுக்குள் இருக்கும் மென்சவ்வுகளின் கொழுப்புச் சேர்க்கைகூட மாறியது. பித்தளைப் பாத்திரம் சூட்டில் நெளிவதுபோல நெளியாமல், தன்னையே வேறு உலோகமாக வார்த்துக்கொள்கிறது இந்தச் செடி. நாற்றுமேடை நிழலில் வளர்ந்த கன்றைச் சித்திரை வெயிலில் கொண்டுபோய் நட்டால் வாடுவதற்கும் இதுவே காரணம்: மாற்றிக்கொள்ள அதற்கு நாள் கொடுக்கவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று, அலரி பாலைவனச் செடி அல்ல. ஆற்றோரச் செடி. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஈரான் வழியாக இந்தியத் துணைக்கண்டம் வரை, வருடத்தில் சில மாதம் மட்டும் ஓடி மீதி மாதங்களில் வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கிற ஆறுகளின் படுகையில் அது காடாக நிற்கிறது. மேலே தண்ணீர் இல்லாவிட்டாலும் கீழே ஈரம் இருக்கும் என்று அதன் வேருக்குத் தெரியும். நம் அருவியாறும் கோடையில் அப்படித்தானே கிடக்கிறது. அலரிக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்விக்கும் பதில் இந்தக் குணத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உப்பு விஷயத்தில் இதன் பெருமையைச் சொல்ல, மன்னாரைப் போலவே மணலும் கடற்காற்றுமான ஒரு தீவு அமெரிக்காவில் இருக்கிறது: டெக்சாஸ் கரையோரத்துக் கால்வெஸ்டன். 1841இல் ஜமைக்காவிலிருந்து கப்பலில் தொட்டிகளில் வந்திறங்கிய சில அலரிக் கன்றுகள் அங்கே ஊர் முழுக்கப் பரவின. 1900ஆம் ஆண்டுப் புயலில் ஊரே அழிந்து, பிறகு கடலடி மண்ணை அள்ளிக் கொட்டி நிலத்தை உயர்த்தியபோது, அந்த உப்பு மண்ணில் மீண்டும் நட்டவற்றில் அலரியும் ஒன்று. அது இன்று அந்த ஊரின் அடையாளப் பூ. ஹிரோஷிமாவும் அலரியைத்தான் தன் நகரப் பூவாக வைத்திருக்கிறது. 1945இல் குண்டு விழுந்த மண்ணில் முதலில் பூத்தவற்றுள் அது ஒன்று என்பது அந்நகரத்தாரின் நினைவு.

இனி எச்சரிக்கை.

ஆடு கடிக்காது என்பதற்காகவே வேலியோரம் அலரி வைப்பவர்கள் உண்டு. ஆடு ஏன் கடிப்பதில்லை? இலை, பூ, பட்டை, வேர், சாறு எல்லாவற்றிலும் ஒலியாண்டிரின் முதலான இதய நஞ்சுகள் இருக்கின்றன. நம் உடம்பின் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் ஒரு சின்னஞ்சிறு பம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளி, பொற்றாசியத்தை உள்ளே இழுக்கும். அது ஓடினால்தான் இதயம் தாளம் தப்பாமல் துடிக்கும். அலரியின் நஞ்சு அந்தப் பம்பியை அடைத்துவிடுகிறது. இந்தப் பம்பியை 1957இல் கண்டறிந்து சொன்னவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ. ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது கடற்கரை நண்டின் கால் நரம்பு. 40 ஆண்டு கழித்து, 1997இல், அதற்காக இரசாயன நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. நண்டுக்குப் பேர்போன மன்னார்க்காரர் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது.

வேடிக்கை என்னவென்றால், இந்த நஞ்சை அறியாத பிராணிதான் மாட்டிக்கொள்கிறது. பச்சை இலையின் கசப்பை உணர்ந்து ஒதுங்குகிற மாடு, வெட்டிப் போட்டு வாடிய இலையை வைக்கோலோடு சேர்த்துத் தின்றுவிடும். காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. செடியை வெட்டினால் கழிவைக் குழி தோண்டி மூடுங்கள். எருக்கும்பியில் போடவேண்டாம், எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது.

மனிதர் கதையும் உண்டு. 2024 ஏப்ரல் கடைசியில் கேரளத்தில் ஓர் இளம் பெண் இறந்தார். அரளியைக் கடித்துச் சுவைத்ததுதான் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் சபை, தன் கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கக்கூடாது என்று முடிவெடுத்தது. மலபார் சபையும் அவ்வாறே செய்தது. மாலைக்கும் அர்ச்சனைக்கும் பூவை எடுப்பதும், உண்ணும் பொருளின் மேல் பூவைத் தூவுவதும் வேறு வேறு காரியம் என்று பிரித்தது புத்தியான முடிவு. நம் கோயில்களும் வீட்டுச் சாமியறைகளும் அந்தப் பிரிவைக் கடைப்பிடிப்பதில் குறையொன்றும் இல்லை.

இலங்கையின் வடக்கிலும் வறள் வலயத்திலும் மருத்துவர்களுக்கு அதிக வேலை வைத்தது செவ்வலரி அல்ல, மஞ்சள் அலரி. அதனால் நஞ்சேறி வந்தவர்களைக் காப்பாற்ற முயன்ற அனுபவத்திலிருந்து இந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் முக்கியமான ஆராய்ச்சிகள் பிறந்தன. அவற்றுள் ஒன்று 2000ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வந்தது. செம்மறியாட்டின் உடம்பில் உருவாக்கிய எதிர்ப்புப் பொருளை ஊசியாக ஏற்றினால் இதயத்தின் தாளம் திரும்புகிறது என்று அது காட்டியது. ஆடு தின்னாத செடியின் நஞ்சுக்கு ஆட்டின் குருதியிலிருந்து மாற்று! மருந்து விலை கூடியது; எல்லா ஆஸ்பத்திரியிலும் எப்போதும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பிள்ளை யாராவது எந்த அலரியையாவது வாயில் போட்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், புளியையும் பாலையும் தேடாமல், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இலையோடும் காயோடும் ஒரு கொம்பை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எது என்று கண்டுகொள்வது அங்கேயும் முதல் வேலை.

இவ்வளவையும் அறிந்தா நம் முன்னோர் இதைச் சாமிக்கு வைத்தார்கள்? திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு வெறியாடும் களத்தில் தொங்கவிடப்படும் கணவீர மாலை, செவ்வலரி மாலைதான் என்று உரைகாரர் சொல்கிறார்கள். வடமொழியில் கரவீரம். திருவாரூருக்கு அருகில் திருக்கரவீரம் என்றே ஒரு பாடல்பெற்ற தலம் இருக்கிறது; தலமரம் அலரி. திருக்கேதீஸ்வரத்தின் தலமரம் வன்னி என்றாலும், சைவர் சொல்லும் அட்டபுட்பத்தில் அலரிக்கு இடம் உண்டு: புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, பாதிரி, நீலோற்பலம், அலரி, செந்தாமரை. இந்த எட்டில் எருக்கு, நந்தியாவட்டை, அலரி மூன்றும் இன்றைய தாவரவியல் வகுப்பின்படி ஒரே குடும்பம். எருக்கை முன்பு வேறு குடும்பத்தில் வைத்திருந்தார்கள்; பிறகு சேர்த்துவிட்டார்கள். நம் முற்றத்துப் பட்டிப்பூவும் ஈழத்தலரியும் மஞ்சள் அலரியும் அதே குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஏறக்குறைய எல்லாம் பால் வடிப்பவை, பல நஞ்சுள்ளவை. நஞ்சுண்ட கண்டனுக்கு நஞ்சுப் பூ என்று புராணக்காரர் பொருத்தம் சொல்வார். எனக்குத் தோன்றுவது இன்னும் எளிய காரணம்: ஆடுமாடு மேயும் ஊரில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கோடையில், விடியற்காலைப் பூசைக்குத் தவறாமல் பூக் கொடுக்கக்கூடிய செடிகள் இவைதான். மேயப்படாத செடியே தினமும் பூக்கும். இது என் ஊகம், சாத்திரம் அல்ல.

மாதோட்டத்துக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த பிறகு அந்த இடம் நெடுங்காலம் காடாகிக் கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்க வேண்டும் என்று எழுதினார். திருப்பணி கட்டம் கட்டமாக நடந்து, குடமுழுக்குகள் கண்டு, இடையில் போர்க்காலத்து அடைப்பையும் கடந்து, இன்று பாலாவித் தீர்த்தக் கரையில் மீண்டும் கூட்டம் நிற்கிறது. கோயிலைச் சுற்றித் திரும்பிக் குடியேறியவர்களின் வளவுகளில் தென்னம்பிள்ளைக்குக் கிடைக்கிற கவனம் பூங்கன்றுக்குக் கிடைப்பதில்லை. அது நியாயம்தான். அதனால்தான் கவனம் கேட்காத செடியைச் சொல்கிறேன்.

கிழக்கோ மேற்கோ, வெயில் முழுதாக விழும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் சாகாது. ஆனால் கொம்பு நெடுத்து, பூ இல்லாமல் நிற்கும். பத்துப் பன்னிரண்டு அடி வரை வளரும் என்பதால் சுவரிலிருந்து ஐந்தாறு அடியாவது தள்ளி நடுங்கள். கிணற்றடி வேண்டாம், இலை உள்ளே விழும். ஆட்டுக்கொட்டில் அருகும் வேண்டாம். தவழ்கிற, கண்டதை வாயில் வைக்கிற பிள்ளை உள்ள வீட்டில் சில வருடம் பொறுத்திருப்பது நல்லது. பாலர் பாடசாலை வளவில் அறவே கூடாது. அங்கெல்லாம் செவ்வரத்தை வைக்கலாம். அது உண்ணத் தகுந்த பூ. ஆட்டுக்கும் அது தெரியும் என்பதுதான் அதில் உள்ள ஒரே சிக்கல்.

மணல் தரையில் இரண்டடிக் குழி தோண்டி, உக்கிய ஆட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பினால் போதும். களித்தரையில் குழி தோண்டுவதைவிட மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது. மாரியில் குழிக்குள் தண்ணீர் நின்று வேர் அழுகும். முதல் வருடம் மட்டும் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். தினமும் ஒரு செம்பு தெளிப்பது பாவம். மேல்மண் மட்டும் நனைந்து வேர் மேலேயே தங்கிவிடும், உவர்த் தண்ணீரானால் உப்பும் அங்கேயே படியும். ஆற்றோரச் செடி என்றேனே: அதற்குத் தெரிந்தது ஆழத்து ஈரம். ஊற்றினால் இரண்டு வாளி, நிதானமாக, அடிவரை இறங்க ஊற்றி, பிறகு மறந்துவிடுங்கள். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகட்டும். இரண்டாம் வருடத்திலிருந்து அது மழையில்லாமலே உயிரோடிருக்கும். ஆனால் கோடையில் பூவும் வேண்டுமென்றால் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அந்த இரண்டு வாளி. எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் பெருகும்.

பூச்சி என்று பயப்பட அதிகம் இல்லை. இளந்தளிரில் பொன்மஞ்சள் நிற அழுக்கணவன் மொய்க்கும். வலுவாகத் தண்ணீர் பீய்ச்சினால் போய்விடும். நீலக்கண் வைத்த தடித்த பச்சைப் புழுவைப் பார்த்தால் அது அலரி அந்துப்பூச்சியின் பிள்ளை. இலையின் கீழே வெள்ளிப் பாத்திரம் துலக்கி வைத்ததுபோல ஒரு கூட்டுப்புழு தொங்கினால், அது காக்கை வண்ணத்துப்பூச்சி. ஆட்டையும் கழுதையையும் விரட்டிய நஞ்சை இவை தின்று செரிக்கின்றன. பத்து இலை போனால் போகட்டும், கொல்லவேண்டாம் என்பேன். அந்த வெள்ளிக் குண்டலத்தைப் பார்ப்பதற்காகவே அலரி வைக்கலாம்.

புதுக் கொம்பின் நுனியில்தான் பூ வரும். எனவே புரட்டாதி கடைசியில், மழைக்கு முன், கொம்புகளை மூன்றிலொரு பங்கு குறைத்து வெட்ட வேண்டும். கையுறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையையும் கத்தியையும் கழுவுங்கள். வெட்டிய கொம்புகளில் பென்சில் தடிப்புள்ளதாக, ஒரு சாண் நீளத்துக்கு, அதிகம் முற்றாததும் பிஞ்சில்லாததுமாகத் தேர்ந்து, கணுவுக்குக் கீழே சாய்வாக நறுக்கி, அடியிலைகளை உருவிவிட்டு, நுனியில் மூன்று இலையை மட்டும் விட்டால் பதிக்கத் தயார். கடல் மணலை எடுக்காதீர்கள். ஆற்று மணலைக் கழுவி ஒரு பழைய வாளியில் நிரப்பி, இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றி, மரநிழலில் வையுங்கள். ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். நாலாம் கிழமை ஒரு கொம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வரமாட்டேன் என்று பிடித்தால், வேர் இறங்கிவிட்டது.